வெட்டுக்கு வெட்டு

என் அத்தான் சலூன் வைத்திருக்கிறார். அவருக்குச் செஸ் ஆடத் தெரியும், யோசிக்கத்தான் தெரியாது என்பாள் அக்கா. கடையில் முடி வெட்டக் காத்திருப்பவர்களோடு ஆடிப் பழகிய கை அது. அத்தனை தலைகள் காத்திருக்கும்போது யோசிக்க நேரம் ஏது?

நகரப் போட்டியின் முதல் சுற்றிலேயே போன வருடச் சாம்பியனோடு அவரைக் கோத்துவிட்டார்கள். தோளில் புரளும் முடியோடு எதிரே வந்து உட்கார்ந்தவனைப் பார்த்ததுமே அத்தானின் விரல்கள் துறுதுறுத்தன.

வெட்டக் கிடைத்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. குதிரைக்குக் குதிரை, யானைக்கு யானை, ராணிக்கு ராணி. சாம்பியன் ஒரு தந்திரத்தை யோசித்து முடிப்பதற்குள் அதற்கு வேண்டிய காய் பலகையில் இருக்காது. கடைசியில், மழமழவென்று வழித்துவிட்ட பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவர் வந்து டிரா என்றார்.

“ஏன் சார் இப்படி எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட்டீங்க?” என்றான் சாம்பியன் நொந்துபோய்.

“எவ்வளவு வெட்டணும்னு நீங்க உட்காரும்போதே சொல்லலையே தம்பி,” என்றார் அத்தான்.