அன்னத்துக்கு வைத்த வாய்

அலுவலகத்தில் அவளை ‘ஒத்தக்கோடு’ என்பார்கள். மறைவில் அல்ல, நேரிலேயே. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். விலை உயர்ந்த கார்களுக்கு உருவம் வரைகிற வேலை அவளுக்கு. மற்றவர்கள் ஒரு காரின் பக்கவாட்டில் ஐந்தாறு கோடு இழுத்து, மடித்து, முறுக்கி, அதற்கும் மேலே ஒரு பள்ளம் தோண்டி வைக்கிற நேரத்தில், இவள் முன்விளக்கில் தொடங்கிப் பின்விளக்கு வரை ஒரே ஒரு கோட்டை இழுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டால், “இதுக்கு மேல என்ன வேணும்?” என்பாள்.

அப்படிப் பிறந்ததுதான் அன்னம். கம்பெனி அதற்கு வைத்தது ஏதோ ஓர் எண். அன்னம் என்பது ஸ்டுடியோவில் இருந்தவர்கள் கூப்பிட்ட பெயர். நீளமாக, தாழ்வாக, தரையோடு பேசிக்கொண்டே நகர்வது மாதிரி ஒரு கார். முதலில் அதைக் களிமண்ணில் முழு அளவில் செய்தார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அதன் விலாவில் வைத்து முன்னிருந்து பின்னாக நடப்பாள். கை எங்கே தயங்குகிறதோ அங்கே சுரண்டச் சொல்வாள். மாதக்கணக்கில் இதே பாடு. கடைசியில் வெயிலில் வைத்துப் பார்க்க அதை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, வெளிச்சம் ஒரு முனையில் ஏறி, எங்கும் தடுக்காமல் மறுமுனையில் இறங்கிப் போனது. களிமண் வேலைக்காரர்கள் நாலு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் வாயாடி என்று பேர் எடுத்தவர் மட்டும், “தொடவே கூசுது” என்றார்.

அவளுக்கு உடன்பிறந்தது ஒரே அண்ணன். குழாய், தண்ணீர்த் தொட்டி, குளியலறைச் சாமான்கள் விற்கிற கடை வைத்துப் படிப்படியாக மேலே வந்தவர். குள்ளமான ஆள், மெல்லிய குரல். வரிசையில் நின்றால் எவனாவது தோளை நுழைத்து முன்னால் போவான். அண்ணன், “பரவால்ல, போங்க” என்பார். கடையில் வேலை செய்கிறவர்களே அவரை அதட்டுவார்கள். அண்ணிக்கு அதில் தீராத எரிச்சல். “உங்க நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா, இவர் தலையில மிளகா அரைக்கலாம்னு?” என்று கேட்பாள். அதற்கும் சிரிப்பார்.

அன்னம் கடைத்தெருவுக்கு வந்ததும் முதல் ஆளாக ஒன்றை வாங்கினார் அண்ணன். பெட்ரோல் போடுகிறவனிடம்கூட, “இந்தக் கோடு என் தங்கச்சி போட்டது” என்று கையை வைத்துக் காட்டினார்.

அது நல்ல காலம். பிறகு உயரமான வண்டிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் போன வருடத்து வண்டியைவிட ஒரு சாண் உசரம், ஒரு முழம் அகலம். ஏழை, பணக்காரன் எல்லோருக்கும் வண்டி ஓட்டிப் போக இருந்தது அதே சாலைதான். ஆனால் மலை ஏறப் போகிறவனைப் போல எல்லோரும் பெரிய சக்கரம் கேட்டார்கள். அன்னம் ஷோரூம் வாசலில் இருந்து உள்ளே போனது, உள்ளேயிருந்து மூலைக்குப் போனது.

புதுத் தலைவர் வந்து, ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார். கம்பெனிப் பெயரை மறைத்து இரண்டு மாதிரி வண்டிகளை நிறுத்தி, வாங்கக்கூடிய வசதி உள்ள ஆட்களை வரவழைத்துக் கருத்துக் கேட்டார்கள். ஒன்று அன்னத்துக்கு அடுத்த பிறவியாக இவள் வரைந்தது. இன்னொன்று வேறு ஒருவன் வரைந்தது. அதன் முகத்தில் பாதிக்கு மேல் திறந்த வாய் மாதிரி ஒரு கறுப்பு க்ரில், சல்லடை. இவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அழகாத்தான் இருக்கு,” என்றாள் காதோரம் நரைத்த ஒரு பெண், இவள் வண்டியைப் பார்த்து. “ஆனா ரோட்ல இதுக்கு யாரும் வழி விட மாட்டாங்க.”

“நல்ல பிள்ளை மாதிரி இருக்கு,” என்றார் பக்கத்தில் இருந்தவர். “நல்ல பிள்ளைக்கு இந்தக் காலத்துல என்ன மரியாதை?”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடுத்த வண்டியிடம் போய் அதன் வாயருகே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதன் முன்னால் நின்று தன் மார்பையும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். இவள் பார்த்தாள்.

தலைவர் மோசமான மனுஷன் இல்லை. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “வாயுள்ள பிள்ளைதாம்மா பிழைக்கும். அந்த இன்னொரு வண்டியோட முன்பக்கத்தை நீங்க வரைங்க.”

“எனக்கு அது பிடிக்கல சார்.”

“எனக்கு மட்டும் பிடிக்குதா? பிடிச்சவன் கையில குடுத்தா அளவில்லாம போயிடுவான். பிடிக்காதவங்க வரைஞ்சா கொஞ்சம் கட்டுக்குள்ள நிக்கும். அதுக்குத்தான் உங்ககிட்ட குடுக்கறேன்.”

அந்தப் பேச்சில் அவள் விழுந்துவிட்டாள். தன் கையில் இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், “இன்னும் கொஞ்சம் பெருசா” என்பார். கொஞ்சம், கொஞ்சம் என்று வாய் பம்பருக்குக் கீழே இறங்கியது. விளக்குகள் கண்ணை இடுக்கி முறைத்தன. காற்றுப் போகிற துளை என்று இரண்டு பக்கமும் வரைந்தார்கள். விரலை விட்டுப் பார்த்தால் பின்னால் வெறும் பிளாஸ்டிக் சுவர். உள்ளே மரப்பலகை போய், திருகுகிற குமிழ்கள் போய், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரு கண்ணாடித் திரை படுத்துக்கொண்டது. விரல் பட்ட இடமெல்லாம் அதில் அச்சு விழுந்தது. ஸ்டுடியோக்காரர்கள் வண்டிக்கு ‘முதலை’ என்று பெயர் வைத்தார்கள்.

முதலை போட்ட போடு சாதாரணமில்லை. ஷோரூமில் நிறுத்தி வைக்க வண்டி இல்லை. ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. கைதட்டினார்கள். அவளும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் போன் செய்தார். “பாப்பா, கீழ வா.”

ஐம்பதைத் தொடப்போகிறவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இறங்கிப் போனாள். கறுப்பு முதலை ஒன்று ஒன்றரை வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நின்ற அண்ணனின் நெஞ்சு வரைக்கும் அதன் பானட் இருந்தது.

“எப்படி?” என்றார்.

“அன்னம் எங்கண்ணே?”

“அது… எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன். ஏறு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். “சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லலை. ஒரு பெரிய ஓட்டல்ல எங்க வியாபாரிங்க கூட்டம். வாசல்ல நின்னவன் என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். ‘டிரைவருங்க எல்லாம் பின்னாடி நிறுத்தணும்’னான்.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னு பின்னாடி போய் நிறுத்திட்டு, சமையல்கட்டு வழியா உள்ள வந்தேன்.”

“வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“என்னன்னு சொல்றது? இது என் தங்கச்சி வரைஞ்ச காருன்னா?” அண்ணன் சிரித்தார். “இது ஒரு தடவை இல்ல பாப்பா. சிக்னல்ல இடிச்சிட்டு நம்மளையே திட்டுவான். லாரிக்காரன் ஓரம் கட்டுவான். எல்லாருக்கும் நான் எளக்காரம், உனக்குத் தெரியாததா? அந்த வண்டியும் என்னை மாதிரியே இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை பேருக்குத்தான் வழி விடறது?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இப்ப அதே ஓட்டல்காரன் ஓடி வந்து கதவைத் திறக்கறான். இதையும் நீதானே வரைஞ்சே?”

“ஆமாண்ணே. நான்தான்.”

“அவன்கிட்டயும் சொல்லிட்டேன்,” என்றார் அண்ணன்.

அசிங்கமாக இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஓட்டுகிற அண்ணனைப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்து, ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை ஜன்னலில். வாழ்நாளில் அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. சொல்லவில்லை.

அன்னத்தை எந்தப் பழைய கார் கடையில் தள்ளினார்கள் என்று ஷோரூமில் விசாரித்துக்கொண்டு, ஒரு மதிய நேரம் தனியாகப் போனாள். கூரை போட்ட மைதானம் மாதிரி இடம். வரிசை வரிசையாக வண்டிகள். இரண்டு தடவை சுற்றியும் கண்ணில் படவில்லை. மூன்றாவது தடவை ஒரு வண்டியின் பக்கத்தில் போகும்போது, கை தானாக அதன் விலாவில் போய் உட்கார்ந்தது. கைக்குத் தெரிந்துவிட்டது. பழைய நிறம் தெரியாதபடி, சாம்பல் நிறத்தில் ஒரு மங்கலான பிளாஸ்டிக் தாளை வண்டி முழுக்க ஒட்டியிருந்தார்கள். முன்னால் போய்ப் பார்த்தாள். பம்பரை அறுத்து, முதலையின் வாயைப் போலவே ஒரு கறுப்பு க்ரிலை வைத்து அடித்திருந்தார்கள். அளவு சேரவில்லை, இரண்டு ஓரத்திலும் பசை வழிந்து காய்ந்திருந்தது.

கடைக்காரர் வந்தார். “நல்ல வண்டிம்மா. ஒரே கை. அலுங்காம ஓட்டியிருக்காரு.”

“முன்பக்கம் ஏன் இப்படி?”

“பழைய மூஞ்சியோட வெச்சிருந்தேன், ஒருத்தரும் சீண்டலை. ஓடியாடி ஓய்ஞ்சவங்க வண்டி மாதிரி இருக்குன்னு போயிட்டாங்க. வாயை மாத்தினேன். இப்ப நாலு பேர் கேட்டிருக்காங்க.”

“திரும்பப் பழையபடி பண்ண முடியுமா?”

“அறுத்தாச்சேம்மா. அந்த பாகத்தை கம்பெனியே நிறுத்திட்டான்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “உங்க வீட்டு வண்டிங்களா?”

“இல்லைங்க,” என்றாள். “தெரிஞ்சவங்களுது.”

இன்னும் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் நின்றாள். அங்கேயிருந்து பார்த்தால் வாய் தெரியவில்லை. தாளுக்கு அடியில் கோடு அப்படியேதான் இருந்தது.

மறுநாள் தலைவரிடம் போய், தன்னை இருக்கைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னாள். காரணம் கேட்டார். “உக்கார்ற முதுகு எப்பவும் ஒரே மாதிரிதான் சார் கேக்கும்,” என்றாள். அவர் சிரித்தார், ஆனால் மாற்றவில்லை. முன்பக்கத்தை அவள் வரைந்தால்தான் வண்டி விற்கிறதாம். அடுத்த வண்டிக்கு, இருட்டில் வாயைச் சுற்றி விளக்கு எரிய வேண்டும் என்றார். வீட்டில் கடன் இல்லை, கட்டாயம் இல்லை, விட்டுவிட்டு வந்திருக்கலாம். வேறு எதுவும் செய்யத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரைந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணன் இவளை ஏற்றிக்கொண்டார். குறுகலான சாலை. முன்னால் ஒரு பழைய சின்னக் கார், மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் கண்ணாடியில் முதலை தெரிந்ததும் அது ஒரு தடவை அலைபாய்ந்தது. அவசரமாக ஓரத்துக்கு ஒடித்ததில் சக்கரம் கல்லில் மோதி, சக்கர மூடி கழன்று உருண்டது.

“பார்த்தியா பாப்பா?” என்றார் அண்ணன். “கேக்கவே வேணாம், தானா ஒதுங்கறான்.”

“நிறுத்துண்ணே.”

“ஏன், வழிதான் விட்டுட்டானே?”

“நிறுத்து.”

இறங்கினாள். மூடியைப் பொறுக்கிச் சேற்றைத் துடைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். மெலிந்த ஆள், அண்ணன் வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“மன்னிச்சுக்கங்க,” என்றார் அவர். “பின்னாடி நீங்க வந்ததை கவனிக்கலை.”

“நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. தப்பு எங்களுது.”

அவருக்கு அது புரியவில்லை. “பரவால்லைங்க, நீங்க போங்க,” என்று கையைக் காட்டினார்.

திரும்பி நடந்தபோதுதான் முதலையை எதிரிலிருந்து, சாலையில் நிற்கிற ஒருத்தியாகப் பார்த்தாள். வாய் அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது. அதற்கு மேலே, வெகு தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனின் சின்ன முகம்.

ஏறி உட்கார்ந்ததும், “என்ன சொன்னார்?” என்று கேட்டார் அண்ணன்.

“மன்னிப்பு கேட்டார்.”

“எதுக்கு?”

அவள் கையில் மிச்சமிருந்த சேற்றைத் துடைத்தாள். அண்ணன் ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். “நான் ஹார்ன்கூட அடிக்கலையே பாப்பா,” என்றார்.

சின்னக் கார் கிளம்பியது. அண்ணன் நிறைய இடைவெளி விட்டு, மெதுவாக அதன் பின்னால் போனார். முந்தவே இல்லை. அப்படியும் அடுத்த திருப்பத்தில் அந்த ஆள் இன்னொரு தடவை ஓரம் கட்டி, முழுசாக நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போகச் சொன்னார். அண்ணன் தயங்கினார். பின்னால் வேறு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்து போனார்.