எண்ணெய் பாட்டிலில் அளந்த தேன்

நெரெய்தா என்னிடம் வந்தபோது அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கியிருந்தன. ஒக்கோவா மலைச்சாலையில் சுகாதார நிலையம் என்பது ஒரே ஓர் அறை. அதில் நான்தான் நர்ஸ். விரல்களை இழுத்து நேராக்கிச் சிம்பு வைத்துக் கட்டினேன். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்ததில் உதடு கிழிந்தது. அதற்கும் மருந்து போட்டேன்.

"கிறிஸ்பினா?"

"வேற யாரு. தேன்ல மூணுல ஒரு பங்கு காணோமாம். பசிலியோவுக்குக் குடுத்துட்டேனாம்."

கிறிஸ்பின் அவள் புருஷன். மளிகைக்கடை அவனுடையது, நின்று விற்பது அவள். மலையிலிருந்து தேன் கொண்டுவரும் பசிலியோவிடம் கிறிஸ்பின் பீப்பாயை நிறுத்து, ராத்தல் கணக்கில் வாங்குவான்.

"எதுல அளந்து வித்தே?"

"எண்ணெய் பாட்டில்லதான். அவரு எடுத்துக் குடுத்தது."

எங்கள் பக்கம் எண்ணெயை யாரும் தராசில் வைப்பதில்லை. ஒரு ராத்தல் எண்ணெய் என்றால் அதற்கென்று ஒரு பாட்டில். நிறைய ஊற்றினால் எடை சரியாக இருக்கும். தேன் எண்ணெயைவிடக் கனம். அதே பாட்டிலில் தேன் ஒன்றரை ராத்தலுக்கு மேல் பிடிக்கும். அவள் அதை ஒரு ராத்தல் என்றே விற்றுவந்திருக்கிறாள். சொன்னேன்.

"தனியாச் சொன்னா நம்ப மாட்டாரு. அடுத்த தடவை கழுத்துதான்னு சொல்லியிருக்காரு" என்றாள். "நாலு பேரு முன்னாடி நிறுத்துக் காட்டணும். கூட வாங்க, நர்ஸம்மா."

சாயங்காலம் கடை வாசலில் டொமினோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கல்லாவில் கிறிஸ்பின். நெரெய்தா தராசின் ஒரு தட்டில் காலிப் பாட்டிலும் ஒரு ராத்தல் எடைக்கல்லும் வைத்தாள், மறு தட்டில் எண்ணெய் நிரப்பிய பாட்டில். முள் நேராக நின்றது. எண்ணெயை எடுத்துவிட்டுத் தேன் பாட்டிலை வைத்தாள். தட்டு மேஜையில் இடித்தது. கல் இருந்த தட்டில் அரை ராத்தல் கல்லையும் சேர்த்தாள். அப்போதும் தேன் தட்டு எழும்பவில்லை.

ஆடிக்கொண்டிருந்த தொரிபியோ எட்டிப் பார்த்தான். "மச்சான், ஊருக்கே தேன் தானம் பண்ணியிருக்கே. உன்னைப் புனிதராக்கச் சொல்லிப் பாதிரியார்கிட்ட பேசறேன்."

"பாவம் பசிலியோ, ஒரு சொட்டுகூட நக்கலை போலிருக்கு" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் திருடவில்லை என்பது கிறிஸ்பினுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. புரிந்தது அவளுக்கு உதவவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்தான்.

முதல் வீச்சில் தராசின் சங்கிலி அறுந்தது. இரண்டாவது கழுத்துக்கு வந்தது. அவள் வலது கையைத் தூக்கினாள். கத்தி எலும்பில் போய் நின்றது. அவன் அதைப் பிடுங்குவதற்குள், கட்டுப் போட்ட இடது கையால் பெரிய எடைக்கல்லை எடுத்து அவன் முகத்தில் இடித்தாள். தாடை ஒருபக்கமாகப் போனது. டொமினோ மேஜைமேல் விழுந்தான். அவள் அவன் மார்பில் ஏறி மறுபடி இடித்தாள். பற்கள் சிதறின. மூன்றாவதாக ஓங்கியபோது நான் கையைப் பிடித்தேன்.

"போதும். எழுந்திருக்க மாட்டான்."

"எழுந்தா?"

"மாட்டான். கையைக் குடு, ரத்தம் போகுது."

என் இடுப்பில் கட்டியிருந்த துணியை உருவி அவள் முழங்கைக்கு மேல் இறுக்கினேன். ஆண்கள் அப்போதுதான் எழுந்து கிறிஸ்பினைப் பிடித்தார்கள். கத்தி அவன் கையில் இருந்தபோது ஒருவரும் அசையவில்லை.

நான் தையல் பிரிக்கும் நாளில் அவள் மாமியார் ஃபுல்ஹென்சியா வந்தாள்.

"தாடையில கம்பி போட்டிருக்காங்க, மகளே. கஞ்சிதான் உறிஞ்சறான். கேஸை வாபஸ் வாங்கு, வீட்டுக்கு வரட்டும்."

"வந்தா ஒருத்தர்தான் உயிரோட மிஞ்சுவோம், அத்தை. அது உங்க பையன்தான்னு நிச்சயமாத் தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க."

கிழவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள். கிறிஸ்பின் தலைநகரத்தில் தம்பி வீட்டோடு தங்கிவிட்டான்.

நெரெய்தாவின் வலது விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. அதோடுதான் கடையை நடத்தினாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து, தன் கட்டிலிலேயே இறந்தாள். அந்தச் சாலையில் அவள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.