ஆவணி வரைக்கும்

கல்யாணமான நாள் முதல் இருதயமேரிக்கு வாடகை வீடுதான். சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட அடுத்தவரிடம் கேட்டே பழகிப்போனவள். கருவடிக்குப்பத்தில் இந்தக் கீழ்வீடு அமைந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டாள். கணவர் சகாயநாதனுக்குச் சிறுநீரகம் கெட்டு, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடக்கிறது. மாடிப்படி ஏற அவரால் ஆகாது.

மாடியில் வீட்டுக்காரி கமலவேணி. ஒப்பந்தம் முடிந்தபோது, "எழுத்தெல்லாம் எதுக்கு மேரி? மாசா மாசம் இருந்துட்டுப் போ" என்று பெரிய மனது பண்ணினாள். அதே வாய்தான் ஆனி மாதம் வாசலில் நின்று, "ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிடு. ஆவணில பையனுக்குக் கல்யாணம்" என்றது. கல்யாண வீட்டில் சாவு விழுந்துவிடக் கூடாதாம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மேரிக்குப் புரியாதா?

தட்டாஞ்சாவடி கம்பெனியில் கூட வேலை செய்யும் ரமீஜா சொல்லி, கோர்ட்டில் இலவச வக்கீலைப் போய்ப் பார்த்தாள். எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் வெளியே தள்ள முடியாது என்றார் வக்கீல். தனக்கென்றும் ஒரு சட்டம் இருக்கிறது என்ற குஷியில் மேரி நேராக மாடியேறி, "மொதல்ல நோட்டீஸ் குடுங்கக்கா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அன்று முதல், கமலவேணிக்கு மனது வந்தால்தான் தண்ணீர் மோட்டார் ஓடியது. நோயாளியை வைத்துக்கொண்டு வெறும் குடத்தோடு எத்தனை நாள் சட்டம் பேசுவது?

வேறு வீடு தேடினாள். நோயாளி என்றதும் பலர் கதவைச் சாத்தினார்கள். ஆனி முடியும் தறுவாயில் மணியம்மாள் ஒருத்திதான் இரக்கப்பட்டாள். "நாளைக்கே பால் காய்ச்சிடுங்க. ஆடி பொறந்துட்டா நான் யாரையும் குடிவெக்க மாட்டேன். பழைய வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." பெண்ணெடுக்க விசாரிப்பதுபோல, குடிவைக்கவும் இங்கே விசாரிப்பார்கள்.

மேரி சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது மாடியில் போன் அடித்தது. கமலவேணியின் குரல் படிக்கட்டு வழியே நன்றாகவே கேட்டது.

"ஆளு நல்லவதாங்க. ஆனா சட்டம் பேசுவா. உள்ள விட்டீங்கன்னா அவ்ளோதான், நோட்டீஸ் குடுன்னு கேப்பா."

சாயந்திரம் மணியம்மாள் வீடு இல்லையென்று சொல்லியனுப்பினாள்.

ஆடி பிறந்தது. கமலவேணி இறங்கி வந்தாள். "இன்னும் கெளம்பலியா?"

"அந்த ஒரு வார்த்தைய போன்ல நீங்க விழுங்கியிருந்தா இந்நேரம் போயிருப்பேன்க்கா. இனிமே ஆடில எனக்கு யாரு வீடு குடுப்பா?"

கமலவேணியின் முகம் செத்துவிட்டது. கட்டில் மேல் கண்மூடிக் கிடந்த சகாயநாதனையே பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, கெஞ்சுகிறாற்போலச் சொன்னாள்.

"ஆவணி வரைக்கும் அவர பத்திரமா பாத்துக்க மேரி."

வில்லியனூர் மாதாவிடம் மேரியும் தினம் இதைத்தான் வேண்டிக்கொள்கிறாள். ஆவணி வரைக்கும் போதும் என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.