மூன்று தடவை மணி

வளவளவென்று எழுதியதைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். ஐம்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கிளார்க்காக இருந்தேன். என்ஜினை ஓட்டுமுன் செய்யவேண்டியவற்றை எழுதிய பலகையொன்று அங்கே தொங்கியது. இருபத்தொரு வரி. "மேற்படி", "மேற்சொன்னவாறு" என்று ஒரே கோர்ட்டுத் தமிழ். அதை வாசித்து முடிக்க முடியாத பதிலாள் ஒருவன் பாதியிலேயே என்ஜினை ஓட்டி, கொழுந்து உருட்டும் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தவனின் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டான்.

"வேலை மயிரளவும் மாறக்கூடாது. வாசிக்க லேசா இருந்தால் போதும்" என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் பலகையை என்னிடம் தந்தார்.

ஒரே மத்தியானத்தில் இருபத்தொன்றை ஏழாக்கினேன். சொன்னதையே சொன்ன இடங்களையெல்லாம் வெட்டினேன். "மணி அடிக்கவும்" என்பது மூன்று இடத்தில் இருந்தது. எழுதியவனுக்கு மறதி போலும் என்று சிரித்துக்கொண்டே ஒன்றை வைத்துவிட்டு இரண்டை நீக்கினேன். பெருமை தாங்கவில்லை.

என்ஜின்காரருக்கு நானே வாசித்துக் காட்டினேன். ஐம்பது வயது. என்னைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுகிற மனிதர்.

"மத்த ரெண்டு மணி எங்கங்க ஐயா?"

"எல்லாம் ஒரே மணிதானே. ஒருக்கா அடிச்சாக் காணாதோ?"

அவருடைய எண்ணெய்க் கை என் கழுத்தைப் பிடித்தது. பிடித்தபடியே என்னை மேல்மாடிக்கு இழுத்துப் போனார். அங்கேதான் எல்லா இயந்திரங்களையும் சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டும் தோல் பட்டைகளும் இருந்தன. ஓடாமல் நின்றிருந்த பட்டையொன்றில் என் முகத்தை வைத்து அழுத்தினார்.

"இங்கதான் என் தம்பி நின்னான். அப்ப ஒரே மணிதான். அதக் கேட்டு எல்லாரும் எறங்கிட்டாங்க. இவன் சட்டை மாட்டிக்கிச்சு. கத்தினான், கீழ கேக்கல. நாந்தான் என்ஜின ஓட்டுனேன். நாந்தான்! நாந்தான்!"

ஒவ்வொரு "நாந்தான்"னுக்கும் என் தலை தகரச் சுவரில் மோதியது. உதடு கிழிந்தது.

"மொத மணி எறங்கச் சொல்லி. ரெண்டாவது, எறங்கிட்டியான்னு கேக்க. மேலருந்து பதில் வந்தாத்தான் மூணாவது. படிச்சவன் கண்ணுக்கு இது எல்லாம் ஒண்ணாடா?"

நாலு பேர் சேர்ந்து அவரைப் பிரித்தெடுத்தார்கள். எனக்கு அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. ஆனாலும் சட்டையில் இரத்தத்தோடு உட்கார்ந்து மறுபடி எழுதினேன்: "இறங்கச் சொல்லி ஒரு மணி. இறங்கியாயிற்றா என்று கேட்டு ஒரு மணி. பதில் வந்தால் மட்டும், ஓட்ட ஒரு மணி." மொத்தம் ஒன்பது வரி. இப்போதுதான் பழைய பலகை சொன்ன வேலை முழுவதும் அதில் இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லா ஆட்களுக்கும் முன்னால் தோட்டத்துத் துரை என்ஜின்காரரைப் பிரம்பால் தோளிலும் முதுகிலும் விளாசினார். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. பிறகு துரை என் பக்கம் திரும்பி, பலகை நன்றாக வந்திருக்கிறது என்றார்.

"ஏன் இவன் உன்னை அடிச்சது?"

பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் வேலை தப்பியிருக்கும். என் உதடு வீங்கியிருந்தது, ரோஷம் அதைவிட வீங்கியிருந்தது.

"தெரியாது" என்றேன்.

வேலை போய், அன்று மாலைக்குள் அவர் லயத்துக் காம்பராவை, தோட்டம் கொடுத்திருந்த அந்த ஒற்றை அறையை, காலிசெய்ய வேண்டியதாயிற்று. மனைவியும் பிள்ளைகளும் தகரப் பெட்டியோடு பசறை பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றார்கள். அவர் மட்டும் ஸ்டோர் வாசல்வரை வந்தார். மறுபடி அடிக்கத்தான் வருகிறார் என்று பயந்து நான் மேசைக்குப் பின்னால் போனேன்.

"ஐயா, அந்த ரெண்டாவது மணிய மட்டும் யாரும் எடுத்துடாம பாத்துக்குங்க" என்று கும்பிட்டார்.

நான் தலையை ஆட்டினேன். மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.