அம்மா போன வீட்டில் நோன்புச் சோறு

எண்ணெயில் போட்ட அதிரசம் முதலில் முங்கி, பிறகு மூச்சு வாங்க வருவதுபோல் மேலே மிதந்து வர வேண்டும். அன்றைக்குப் போட்டது முங்கியதோடு சரி. சட்டியின் அடியில் உட்கார்ந்து, ஓரத்தில் அவிழ்ந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடிப்பொடியாகப் பிரிந்து எண்ணெய் முழுக்கப் பரவியது. என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, கையில் கரண்டியோடு அதையே வெறித்துக்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாத நோன்பு உடம்பு. புகையில் கண் சிவந்திருந்தது. வெளியே ஐப்பசி மழை சிணுங்கிக்கொண்டிருந்தது, விறகு ஈரம். "எரியாத அடுப்புக்கு ஊதுறவ தொண்டைதாண்டி வெறகு" என்று காலையில் சிரித்துக்கொண்டே சொன்னவர், இப்போது சிரிக்கவில்லை. "எண்ணெயும் போச்சேடி" என்றார். அவ்வளவுதான்.

எண்பதுகளில் ஒரு தீபாவளி அது. திண்டிவனத்தில் மரக்காணம் போகிற சாலையோரம் எங்கள் கூரை வீடு. அந்த வருஷம் ஆடியில் வானம் பொய்த்ததால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையவில்லை. மல்லாட்டை வராவிட்டால் மண்டியில் மூட்டை ஏது? மூட்டை இல்லாவிட்டால் சுமை தூக்குகிறவனுக்குக் கூலி ஏது? அண்ணன் தம்பி இருவருக்குமே மண்டி வேலைதான். பண்டிகைக்கு ஏதாவது கிடைக்கும் என்று போனவர்கள் தலைக்கு ஒரு துண்டோடு திரும்பினார்கள். "வவுத்துல கட்டிக்கினு படுக்கச் சொன்னாரா மொதலாளி?" என்று அக்கா கேட்டார். அவர் கணவர் துண்டைக் கொடியில் போட்டார்.

அந்த வருஷம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட முடியாது. எங்கள் மாமியார் இறந்து முந்தைய தீபாவளி துக்கத்தில் போய்விட்டது. இதுதான் அவர் இல்லாமல் நாங்கள் எடுக்கிற முதல் நோன்பு. விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் கணவரோடு வருகிறாள். அம்மாவைத் தூக்கிய அன்றைக்கு அவள் வாசலில் புரண்டு, "ஆத்தா போனா பொறந்த வூடும் போச்சே, இனிமே நான் எந்த வூட்டுக்கு வருவேன்" என்று அழுதாள். ஒப்பாரியில் எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆனால் அக்காவுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. "நம்ம ரெண்டு பேரு உசுரோட நிக்கச் சொல்லோ எப்பிடிடி அவ அப்பிடிச் சொல்லலாம்?" என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு வேளை வந்து சாப்பிட்டு, இது என் வீடுதான் என்று நினைத்துத் திரும்பிப் போக வேண்டும். அக்காவின் நோன்பு வேண்டுதல் அந்த வருஷம் அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் தீபாவளி நோன்பு எல்லா வீட்டுக்கும் கிடையாது. வழிவழியாக எடுக்கிற வீட்டுக்குத்தான் உண்டு. வீட்டில் பிறந்தவர்கள் பேருக்கெல்லாம், கட்டிக்கொடுத்த பெண்ணையும் சேர்த்து, அதிரசம் சுட்டு முறத்தில் அடுக்கி, கோயிலில் படைத்து, கயிறு கட்டிக்கொண்ட பிறகுதான் வீட்டில் இலை போடுவோம். அன்று கறி இல்லை. "நோன்புன்னு ஒன்னு இருக்கப் போயி கறி வாங்க முடியாத மானக்கேடு மறைஞ்சுது" என்பார் அக்கா. ஆனால் அதிரசத்துக்குப் பச்சரிசி வேண்டும். இருந்த பச்சரிசி போதாமல் அவர் ரேஷன் புழுங்கலரிசியைக் கலந்து இடித்துவிட்டார். அது சேராது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தே செய்தார். இல்லாத வீட்டில் தெரிந்து செய்கிற தப்புதான் அதிகம்.

அக்கா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். பிறகு எழுந்து பழைய வேட்டித் துணியில் எண்ணெயை வடித்தார். துணியில் தங்கிய இனிப்புத் தூளை என்னிடம் தள்ளி, "கீழ கொட்டிடாத. வெல்லத் தண்ணியில போட்டுக் கொதிக்க வெய்யி, பாயசம்னு பேரு வெப்போம்" என்றார். மிச்ச மாவில் கேப்பை மாவைக் கொட்டிப் பிசைந்தார். மறுபடி தட்டிப் போட்டபோது மிதந்து வந்தது. வந்தது என்ன, கன்னங்கரேலென்று வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கருப்பா இருந்தா இன்னாடி, நம்ம வூட்டு மாப்ளைங்க எல்லாம் வெள்ளைக்காரனா?" என்றார்.

கோயிலில் வரிசையாக முறங்கள். எல்லாவற்றிலும் பொன்னிறம், எங்கள் முறத்தில் மட்டும் கருப்பு. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா பெரியவளே, அதிரசத்துக்கு பதிலா வறட்டி எடுத்துக்கினு வந்துட்டே?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை. "வேணும்னா ரெண்டு எடுத்துக்கினு போ. உங்க வூட்டு வெறகும் ஈரம்தானே?" என்றார். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் திரும்பி வரும்போது அக்கா யாருக்கும் நிற்காமல் முன்னால் நடந்தார். முறத்தை முந்தானையால் மூடியிருந்தார். மழை அப்போது விட்டிருந்தது.

வீட்டில் இலை போட்டோம். கூரைமேல் காய்த்த பரங்கிக்காயில் ஒரு கூட்டு. முருங்கைக்கீரைப் பொரியல். காராமணியை ஊறவைத்து அரைத்த வடை. சாம்பாரில் ஒரு கைப் பருப்பு. "பருப்பு குளிச்சுட்டுப் போன தண்ணி" என்று என் காதில் சொன்னார் அக்கா. விழுப்புரத்து மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டார். நாத்தனார் புதுப் புடவை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, எதைப் போட்டாலும் "நல்லாருக்குங்க அண்ணி" என்றாள். "போதுங்க அண்ணி, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றாள். வந்ததிலிருந்தே அப்படித்தான். தண்ணீர்கூடக் கேட்டுத்தான் குடித்தாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில், பானை இருக்கும் இடம் தெரியாதவள்போல. அடுப்பங்கரைக்கு வந்த அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். "விருந்தாளிதாண்டி எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுவா. பொறந்தவ கொற சொல்லுவா" என்றார். அவ்வளவு களைத்த முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. பசிக் களைப்பு இல்லை அது. பசி அவருக்குப் பழக்கம்.

கடைசியில் அதிரசம் வைத்தோம். நாத்தனார் ஒரு கடி கடித்தாள். மென்றாள். இன்னும் மென்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இன்னா அண்ணி இது? பல்லு பேந்துடும் போல இருக்குது! எங்கம்மா மட்டும் இருந்திருந்தா உன்ன ஒலக்கையாலயே போட்டிருக்கும்" என்றாள். மாப்பிள்ளை திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவளோ நிறுத்தவில்லை. "சாம்பாருல உப்பும் இல்ல. சின்னண்ணி, நீயாவது சொல்லக் கூடாதா? ரெண்டு பேரும் சேந்து இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க காலைலேர்ந்து?" சொல்லிக்கொண்டே எச்சில் கையோடு எழுந்து வந்து, உப்பு போட்டுவைக்கிற மரவையை மேல் பலகையிலிருந்து அவளே எடுத்தாள். எடுத்தவள் அங்கேயே அடுப்போரம் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாத அழுகை.

அக்கா அவள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். "அழுவாத. பல்லு போனா போவுது, உன் புருசன் கட்டித் தருவாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வந்துட்டாடி. எனக்கும் ஒரு இலை போடு, பசிக்குது" என்றார்.

அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நோன்பு இப்போது என் கையில் இருக்கிறது. நல்ல பச்சரிசி, நல்ல வெல்லம், கேஸ் அடுப்பு; அதிரசம் தானாகவே மிதக்கிறது. சென்னையிலிருந்து என் மகள் வருகிறாள். இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்காருகிறாள். "எதுக்கும்மா இவ்ளோ செய்யிறே, உடம்பு என்னத்துக்கு ஆவும்" என்கிறாள். நல்ல பெண்தான், அன்பாகத்தான் சொல்கிறாள். எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு சாயங்காலப் பஸ்ஸுக்குப் பையை எடுக்கிறாள். பஸ் போன பிறகு எனக்கு இடுப்பு வலி தெரியும்.

இந்த வருஷம் சாம்பாரில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டேன். கரண்டியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மகள் பிசைந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டாள், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாருக்கும்மா" என்றாள்.