வாசகர் நாற்காலியில் கனகம்

வெண்மேகம் வார இதழ் 1954-இல் ஒரு நாவல் பரிசைத் தொடங்கியது. அச்சில் வராத நாவல்களை எழுத்தாளர்கள் அனுப்ப வேண்டும். நடுவர்கள் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அது முதலில் தொடராக வரும், பிறகு புத்தகமாகும். கதை எழுதுகிறவர்கள் அந்தப் பரிசுக்காக வருஷம் முழுக்க உட்கார்ந்து எழுதினார்கள். ஆரம்பத்தில் நடுவர்கள் மூவருமே பேராசிரியர்கள். பரிசு வாங்கிய நாவலைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை என்று வாசகர்கள் முணுமுணுத்தார்கள். ஆசிரியர் சுப்பராயன் அதைக் காதில் போட்டுக்கொண்டார். எழுத்தாளராகவோ பேராசிரியராகவோ இல்லாத ஒருவரை நாலாவது நடுவராகச் சேர்த்தார். அலுவலகத்தில் அந்த இடத்துக்கு வாசகர் நாற்காலி என்று பெயர் விழுந்துவிட்டது.

1961-இல் அந்த நாற்காலிக்கு வந்தவள் மண்ணூர் கனகம். எட்டாவது வரை படித்தவள். கொஞ்சம் நிலம், இரண்டு எருமை. கணவன் பாண்டுரங்கன் பூந்தமல்லி பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். பிறகு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் வெண்மேகம் வாங்கி வருவான். இருவரும் படிப்பார்கள். ஒவ்வொரு தொடர் முடியும்போதும் கனகம் ஒரு கார்டில் தன் அபிப்பிராயத்தை எழுதிப் போடுவாள். அந்தக் கார்டுகள்தான் சுப்பராயனுக்கு அவளை அடையாளம் காட்டின.

பொங்கல் கழிந்ததும் நாவல் கட்டுகள் வரும். எருமை மேய்கிற வரப்பிலும், உலை கொதிக்கிற நேரத்திலும் படிப்பாள். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாடி, பரீட்சையா?" என்பாள்.

"பரீட்சதான். எழுதினவங்களுக்கு," என்பாள் கனகம்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது அவளுக்கு வாய் திறக்கவே பயமாக இருந்தது. மூத்த நடுவர் பேராசிரியர் கோதண்டராமன் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் கீது சார். ஆனா இதுல வர்றவங்க யாரும் வேலைக்கே போகல. பொழுதன்னிக்கும் பேசிக்கினே கீறாங்க."

கோதண்டராமன் சிரித்துவிட்டார். ஆனாலும் அந்த நாவலுக்குத்தான் பரிசு போயிற்று. அவள் சொன்னது சில வருஷம் எடுபடும், சில வருஷம் எடுபடாது. ஒரு முறை அவள் கணிப்பே தவறிப்போனது. ஒரு நாவலை வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாள்; மற்றவர்கள் அதற்கே பரிசு கொடுத்தார்கள். அது தொடராக வந்தபோது வாரம் வாரம் படித்தவளுக்கு அதன் அழகு தெரிந்தது. அடுத்த கூட்டத்தில், "போன தபா நான் அவசரப்பட்டுட்டேன் சார்," என்றாள். "நானும் அப்படி அவசரப்பட்டதுண்டு," என்றார் கோதண்டராமன்.

1973-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் பாண்டுரங்கன் வந்து நின்றான். அவன் ரொம்ப நாளாக எதையோ எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். காட்டமாட்டான், அவளும் கேட்டதில்லை.

"கனகம், ஒரு நாவல் முடிச்சிட்டேன். பரிசுக்கு அனுப்பணும்னு ஆசை."

அவள் கையிலிருந்த கடலையைப் பரப்பி முடித்தாள். நடுவரின் குடும்பத்தார் யாரும் பரிசுக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. அது இருவருக்கும் தெரியும்.

"அப்போ நான் வெலகிக்கிறேன்," என்றாள்.

"அதுக்காகச் சொல்லலை. நீ இருக்கறதுன்னா இரு. நான் வேற எங்கனா அனுப்பறேன்."

"வேற எங்க அனுப்பினாலும் உங்க மனசு இங்கதான கீது? நான் இத்தினி வருசம் உக்காந்துட்டேன். நீங்க அனுப்புங்க."

"நீ ஒரு தபா படிச்சிப் பாக்கறியா?"

"முடிவு வர்ட்டும். அப்புறம் படிக்கறேன்."

அவள் விலகினாள். காஞ்சிபுரத்திலிருந்து ஞானம்மா என்ற டீச்சர் அந்த இடத்துக்கு வந்தார். அடுத்து வந்த பொங்கலுக்குப் பிறகு அவளுக்குக் கட்டுகள் வரவில்லை. வரப்பில் உட்கார்ந்தால் கனகத்துக்குக் கை வெறுமையாக இருந்தது. பழைய வெண்மேகம் இதழ்களையே திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

முடிவு வந்தது. கடைசிச் சுற்றுக்குப் போன நாவல்களில்கூட பாண்டுரங்கனுடையது இல்லை. முதல் ஷிப்ட் முடிந்து வந்தவன் இதழை மடித்து அலமாரி மேல் வைத்தான். சாப்பிட்டான். பிறகு நாவல் கட்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"இப்போ படி. உள்ளத சொல்லு."

ஒரு வாரம் படித்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தாள். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் நாவல்களைப் பற்றி உள்ளதைச் சொன்னவள், வீட்டுக்காரரிடம் மட்டும் பொய் சொன்னால் அது அவரைக் குறைத்து மதிப்பதாகும் என்று பட்டது.

"அவங்க செஞ்சது சரிதாங்க," என்றாள். "உங்க கதையில எல்லாரும் மேடையில பேசற மாதிரி பேசறாங்க. உங்க கூட லேத் ஓட்டறவங்க அப்பிடியா பேசறாங்க?"

அவன் நாவல் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஆனா அந்த வெரல் போற அத்தியாயம் கீதே, அத மூணு தபா படிச்சேன். மெசின்ல ஒருத்தனுக்கு வெரல் போயிடுது. பக்கத்துல கீறவன் தன் மெசின நிறுத்தறதா வாணாவான்னு நிக்கறான். அதுல யாரும் பேசவேயில்ல. அதான் நல்லா கீது."

பாண்டுரங்கன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனான். திரும்பி வந்து வழக்கம்போல எருமைக்குத் தண்ணீர் காட்டினான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. சண்டை இல்லை. அவளுக்கு அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருஷம் சுப்பராயனே மண்ணூருக்கு வந்தார். ஞானம்மாவுக்கு மாற்றல் வந்து வெளியூர் போகிறாராம். கனகம் திரும்ப வர வேண்டும் என்றார். "இல்லீங்க. அவரு மறுபடி எழுதுவாரு," என்று மறுத்துவிட்டாள். உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்த பாண்டுரங்கன் துண்டோடு வெளியே வந்தான்.

"அவ வருவா சார். நான் இனிமே பரிசுக்கு அனுப்பப் போறதில்ல."

"எனக்காகச் சொல்லாதீங்க," என்றாள் கனகம்.

"உனக்காக இல்ல. அந்தப் பரிச நெனச்சிக்கினே எழுதினேன். எழுதறப்பவே பேராசிரியருங்க எதிர உக்காந்துகினு கேக்கறாப்பல இருந்திச்சி. அதான் எல்லாரும் மேடைப் பேச்சு பேசிட்டாங்க. எனக்குத் தோணறத எழுதிப் பாக்கறேன்."

சுப்பராயன் மோர் குடித்துவிட்டுப் புறப்பட்டார். கனகம் மறுபடியும் நடுவரானாள்.

பரிசு 1981 வரை நடந்தது. சுப்பராயன் காலமான பிறகு இதழ் கைமாறியது. புதிதாக வந்தவர்களுக்குத் துணுக்கும் சினிமாவும் போதுமாயிருந்தன. கடைசிக் கூட்டத்தில் கோதண்டராமன் உடம்புக்கு முடியாமல் கைத்தடியோடு வந்திருந்தார். அதுதான் கடைசி என்று யாருக்கும் அப்போது தெரியாது. ஒரு புதுப் பையனின் நாவலுக்கு நான்கு பேருமே ஒத்துக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த வருஷம் அழைப்பு வரவில்லை.

பாண்டுரங்கன் அந்த விரல் அத்தியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டான். மறுபடி முதலிலிருந்து எழுதினான். வேலை மறைமலை நகருக்கு மாறிய பிறகும் எழுதினான். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் கனகம் படிப்பாள். "இது வாணாம்" என்றால் சில சமயம் எடுப்பான், சில சமயம் சண்டை போட்டு வைத்துக்கொள்வான். 1984-இல் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. பெரிய பேச்சு ஒன்றும் எழவில்லை. தொழிற்சாலையில் கை மாறிக் கை மாறிப் பல பேர் படித்தார்கள். அவனுடன் வேலை செய்த தசரதன் வீடு தேடி வந்து, "அண்ணே, நான் கேன்டீன்ல பேசினத அப்பிடியே போட்டுக்கீறியே," என்றான். கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு பாண்டுரங்கன் கேட்டான்.

"பரிசு நடந்துகினு இருந்து, இது உன் கைக்கு வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

கனகம் நிதானமாக யோசித்தாள். "ரெண்டாவதா வச்சிருப்பேன்."

"மொதல்ல எது?"

"கடைசி வருசம் அந்தப் பையன் எழுதினது. அத விட்டுக்கொடுக்க மனசு வரலீங்க."

பாண்டுரங்கன் எழுந்தான். "அது நல்ல நாவல்தான்," என்று சொல்லிவிட்டு, அது எங்கே இருக்கிறது, இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று அலமாரியைத் துழாவினான்.