இருபத்தேழு மணி நாற்பது நிமிடம்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளைக் கதைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டாலும் பாதி நேரம் திரும்ப மாட்டாள். காலரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மியூசிக் பிளேயர், காதில் ஒயர், கையில் துணி. கூடத்துக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது; ஒன்று ஏற்கெனவே இயந்திரத்துக்குள் விழுந்து நுரையோடு வெளியே வந்திருக்கிறது. பிளேயரைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. தம்பி அதில் ஒலிநூல்களை ஏற்றிக் கொடுப்பான், இவள் கேட்டுத் தீர்ப்பாள்.

கேட்டதை மனசுக்குள் பூட்டி வைக்கிற சாமர்த்தியம் மட்டும் அவளுக்குக் கிடையாது. அன்றன்றே பெரியக்காவிடம் கொட்டினால்தான் சோறு இறங்கும். பெரியக்கா போர்வை மடிப்பதில் அவளுக்கு ஜோடி. இருபத்தைந்து வருட இயந்திர இரைச்சல் பெரியக்காவின் காதைத் தின்றுவிட்டது. ஆனால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடிக்கையில் முகத்துக்கு முகம் கதை நடக்கும். அதற்குக் குரலே தேவையில்லை.

இந்த முறை இருபத்தொன்பது மணி நேரக் கதை, ஒரே கோப்பாக. கப்பலுக்குப் போன கணவன் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை யாரோ ஒளித்துவிட்டார்கள். யார்? மூன்று வாரமாக இருவருக்கும் இதே ஆராய்ச்சி. பெரியக்காவுக்கு மாமியார் மேல் சந்தேகம், கதைக்காரிக்குத் தபால்காரர் மேல்.

பிளேயருக்கு ஒரு கெட்ட குணம். சார்ஜ் தீர்ந்தால் கேட்ட இடத்தை மறந்துவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் தினமும் கிளம்பும் முன் திரையில் தெரியும் நேரத்தை ஒரு துணிப் பட்டையில் சலவை மையால் எழுதிக்கொள்வாள். நேற்று பட்டை தீர்ந்துபோயிருந்தது. கையிலிருந்த போர்வையின் ஓரத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் பட்டை எடுக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் வண்டிக்காரர் அடுக்கோடு வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பிளேயரும் உயிரை விட்டிருந்தது. எழுதியாச்சே என்று அவள் மூளையும் எண்ணைக் கைகழுவியிருந்தது.

இன்று பெரியக்காவுக்கு வேலையில் கடைசி நாள். நாலு மணி பஸ்ஸில் மகள் ஊருக்குப் போகிறாள், இனி அங்கேதான். போனில் பேசினால் காது கேட்காது.

"முடிவை எழுதி அனுப்பேன்" என்றார் வண்டிக்காரர்.

"எழுதி அனுப்புனா அது கதையா, தந்தியா? எந்த வார்டுக்குண்ணே போச்சு? சொல்லுங்க!"

"மூணாவது மாடி, எலும்பு வார்டு. குத்துமதிப்பா ஒரு இடத்துல ஆரம்பிச்சுக் கேக்க வேண்டியதுதானே?"

"கொஞ்சம் தள்ளிப் போயிட்டா முடிவு காதுல விழுந்துடும். அப்புறம் என்ன இருக்கு?"

சாப்பாட்டு நேரத்தில் தலையணை உறைகளை அள்ளிக்கொண்டு படியேறினாள். கட்டில் கட்டிலாகக் குனிந்து போர்வை ஓரங்களைப் புரட்டினாள். நர்ஸ் அதட்டியது காதில் ஏறவே இல்லை. ஒன்பதாவது கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு கிடந்த ஒரு அம்மா போர்வையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதைத்தான் தேடுறியாம்மா? இருபத்தேழு நாப்பதுன்னு போட்டிருக்கு. எனக்கு ஆபரேஷன் நேரமோன்னு காலையிலேருந்து நர்ஸைக் கேட்டுக்கிட்டே இருக்கேன். இருபத்தேழு மணின்னு ஒண்ணு இருக்கா என்ன?"

"இருக்கும்மா! இப்பத்தான் கண்டுபிடிச்சேன்!" என்று சொல்லிவிட்டுக் காரணத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"அடி ஆத்தி! அப்ப முடிவை எனக்கும் வந்து சொல்லணும், ஆமா" என்றாள் அந்த அம்மா.

கீழே வந்ததும் அடுத்த சோதனை. பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் கதை முன்னே ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும். இருபத்தேழு மணி நேரத்தைத் தாண்ட அரை மணி நேரம் பிடித்தது. இவள் விரல் மரத்தபோது பெரியக்கா கட்டைவிரலைக் கொடுத்தாள். நாற்பதாவது நிமிடம் வந்து நின்றபோது இருவரும் கூவிய கூவலில் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

மிச்சம் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலே. இவள் கேட்டுக்கொண்டே மடித்தாள், பெரியக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மடித்தாள்.

"கண்ணு கலங்குதே, செத்துட்டானா? சிரிக்கிறியே, மாமியார் மாட்டிக்கிட்டாளா?"

"சும்மா இருக்கா, முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன்!"

நடுவில் வழியனுப்பு. மேற்பார்வையாளர் பேச ஆரம்பித்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அத்தனை நேரமும் பிளேயரை நிறுத்தி வைத்துவிட்டுக் கதைக்காரி முள்மேல் நின்றாள். பெரியக்காவுக்கு ஒரு கைப்பை கொடுத்தார்கள். அது முடிந்த கையோடு மகள் வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கதையில் இன்னும் எட்டு நிமிடம் பாக்கி.

ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள். வேலைக்கான மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தெருமுனைக்கு வந்தபோது கதையில் மாமியாரின் பெட்டி திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மருந்துக்கடை வாசலில் தபால்காரர் சத்தியம் செய்தார். பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது கடைசி வரி முடிந்தது.

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியாகிவிட்டது. ஜன்னலோரம் பெரியக்கா, நடுவில் திறக்க முடியாத கண்ணாடி. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். கதைக்காரி கண்ணாடிக்கு நேரே போய் நின்றாள். தினமும் போர்வைக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வாளே, அதேபோல, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்:

"மாமியார் இல்லை. தபால்காரரும் இல்லை. அந்தப் பொண்டாட்டியேதான். மொத நாளே கடிதம் வந்துடுச்சு. அவன் திரும்ப வரமாட்டான்னு எழுதியிருந்தான். அதைப் படிச்சிட்டு அவளே ஒளிச்சு வச்சிட்டா, அவன் வருவான்னு காத்துக்கிட்டே இருக்கலாம்னு."

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்குள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வாயெல்லாம் சிரிப்பு. பஸ் நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசைந்தது.

இத்தனை வருடத்தில் கதைக்காரிக்கும் உதடு படிக்க வந்திருந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அடுத்த கதைக்கு நீ அங்க வாடி!"